கப்பல் ஓட்டுவது நம் வேலை இல்லை

1956 ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல் ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எண்ணெய் ஏற்றுவதற்காகக் கட்டிய டேங்கர் அது. மேல்தளத்தில் ஓடும் குழாய்களுக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் 58 அலுமினியப் பெட்டிகளை, இன்று கன்டெய்னர் என்கிறோமே அவற்றை, வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பார்க்க ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் மூட்டை, பீப்பாய் என்று உதிரியாகப் போகும் சரக்கை வழக்கமான முறையில் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆகும். ஐடியல்-எக்ஸில் ஏற்ற ஆன செலவு டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு.

இதைச் செய்தவர் மால்கம் மெக்லீன். அவர் கப்பல்காரர் இல்லை, லாரிக்காரர்.

நான் தூத்துக்குடியில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். திருப்பூர் பனியன், கரூர் மேசைவிரிப்பு, பொள்ளாச்சித் தேங்காய் நார், உறைய வைத்த இறால் என்று தினமும் பெட்டிகளோடுதான் பிழைப்பு. ஷிப்பிங் பில், ஸ்டஃபிங், சீல், கட்-ஆஃப் (பெட்டி துறைமுகத்துக்குள் போயாக வேண்டிய கடைசி நேரம்) என்று காலையிலிருந்து இரவு வரை இதே வார்த்தைகள். பெரும்பாலான பெட்டிகள் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். இத்தனை பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எங்கள் அலுவலகத்தில் மெக்லீன் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது ஒரு பயிற்சி வகுப்புக்குப் பிறகு. ஹோட்டல் அறை, ஏசி, பிஸ்கட், டீ. பயிற்சியாளர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். இன்னும் 10 வருடத்தில் உங்கள் கம்பெனி எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பாருங்கள், அதுதான் விஷன், அது இல்லாத தலைவன் தலைவனே இல்லை என்றார். அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொன்னார். “உலகத் தரம்”, “முதலிடம்”, “வாடிக்கையாளர் மகிழ்ச்சி” என்று எல்லாரும் எழுதினோம். அதில் ஒன்று இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. எங்கள் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து மக்ரூன் கடையின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும்.

தலைமைக்குத் தொலைநோக்கு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் அது கண்ணை மூடினால் வருகிற படம் என்பதை நம்ப முடியவில்லை. மெக்லீனின் கதை இதற்கு நல்ல சோதனைக்களம். ஒரே மனிதர், ஒரே தொழில். முதல் தடவை உலக வணிகத்தையே மாற்றினார். பிறகு இரண்டு தடவை பெரிய பந்தயம் கட்டி, இரண்டிலும் அடி வாங்கினார். மூன்று முறையும் “இவருக்கு எவ்வளவு தூரம் பார்க்கத் தெரிகிறது” என்றுதான் கூட இருந்தவர்கள் வியந்திருப்பார்கள்.

தொலைநோக்காளர்கள் எல்லாருக்கும் ஒரு போதிமரம் இருக்கும். மெக்லீனுடையது நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹோபோகன் துறைமுகம். 1937இல் வட கரோலினாவிலிருந்து பருத்திப் பேல்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனாராம். துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாராம். ஆட்கள் ஒவ்வொரு பேலாகக் கொக்கி போட்டுத் தூக்குவதைப் பார்த்தபோது, லாரியின் உடம்பை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று தோன்றியதாம். பல வருடங்கள் கழித்து அவரே சொன்ன கதை இது. அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்களுக்கு இதில் நம்பிக்கை குறைவு. எனக்கும்தான். அப்படி ஒரு ஞானம் பிறந்திருந்தால் அடுத்த 16 வருடம் அதைப்பற்றி ஒன்றுமே செய்யாமல் லாரி ஓட்டிக்கொண்டு இருந்திருப்பாரா?

பதிவான கதை இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. 1934இல் ஒரு பெட்ரோல் பங்கில் இருந்தபடியே பழைய டிரக் ஒன்றை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர், 20 வருடத்தில் நாட்டின் பெரிய லாரிக் கம்பெனிகளில் ஒன்றைக் கட்டியிருந்தார். 1953 வாக்கில் அவர் கவலை எல்லாம் சாலை நெரிசல். கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அதே சமயம், போர் முடிந்து மிஞ்சிய கப்பல்களை வைத்துக் கடற்கரையோரமாகச் சரக்கு ஏற்றும் கம்பெனிகள் மலிவான கட்டணத்துக்கு இறங்கிவிடுமோ என்ற பயமும் இருந்தது. சரி, லாரி டிரெய்லர்களை அப்படியே கப்பலுக்குள் ஓட்டி ஏற்றி, தெற்கே கொண்டுபோய் இறக்கி, அங்கே வேறொரு லாரியில் கோத்து விடலாம் என்பதுதான் முதல் யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால், சக்கரமும் அடிச்சட்டமும் கப்பலில் தண்டமாக இடம் பிடித்தன. சக்கரத்தைக் கழற்றினார். அப்போதும் அடுக்க முடியவில்லை. அடிச்சட்டத்தையும் கழற்றினார். மிஞ்சியது பெட்டி.

பெட்டியில் சரக்கு வைத்து அனுப்புவது புதுசு ஒன்றும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரயில் கம்பெனிகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே செய்து பார்த்தவை. கப்பல்களிலும் பல அளவில் மரப்பெட்டியும் இரும்புப்பெட்டியும் போய்க்கொண்டுதான் இருந்தன. மற்றச் சாக்குகளோடு அதையும் ஒரு பெரிய சாக்காக நினைத்து ஏற்றினார்கள், அவ்வளவுதான். செலவு குறையவில்லை.

அப்படியானால் மெக்லீன் பார்த்தது எதை?

1954இல் வாரியர் என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபன் போனது. அந்த ஒரே பயணத்தை அணு அணுவாக அளந்து ஓர் ஆய்வு செய்தார்கள். கப்பலில் இருந்த சரக்கு சுமார் 5,000 டன். தனித்தனி உருப்படியாக எண்ணினால் 1,94,582. பெட்டி, மூட்டை, சாக்கு, டிரம், பீப்பாய், காய்கறிக் கூடை, எல்லாம். ஏற்ற 6 நாள், கடலில் பத்தரை நாள், இறக்க 4 நாள். சரி, செலவு? மொத்தச் செலவில் கடற்பயணத்துக்கு ஆனது 11.5 சதவீதம் மட்டும். ஏற்றுவதும் இறக்குவதும் அதைப் போல் மும்மடங்குக்கு மேல்.

இந்த எண்ணை நான் முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. உலகத்துக் கப்பல் முதலாளிகள் எல்லாரும் அந்த 11.5 சதவீதத்தைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் வேகமான கப்பல், இன்னும் நல்ல இன்ஜின். அவர்கள் மனதில் அவர்கள் தொழில் கப்பல் ஓட்டுவது. கப்பல் கரையில் நின்றால் அது தொழிலுக்கு நடுவே வரும் தொந்தரவு. மெக்லீன் லாரிக்காரர் என்பதால் கப்பல்மேல் அவருக்குப் பாசம் இல்லை. அனுப்புகிறவன் கிடங்கிலிருந்து வாங்குகிறவன் கிடங்குக்குச் சரக்கை நகர்த்துவது தன் தொழில், கடல் நடுவில் வருகிற ஒரு ரோடு. அப்படிப் பார்த்தால் துறைமுகத்தில் சரக்கைத் தொடுகிற ஒவ்வொரு கையும் செலவு. அவர் தொலைநோக்கு என்று நான் சொல்வது இந்தப் பார்வையை. வருங்காலத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் ஊரில் இந்த இரண்டு உலகத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளுக்கு இன்றைக்கும் ஆட்கள்தான் ஏற்றுகிறார்கள். காய்கறி, செங்கல், சிமெண்ட் மூட்டை எல்லாம் தோளிலும் தலையிலும் ஏறிப் போகும். ஒரு தோணி நிறைய நாள்கணக்கில் ஆகும். அங்கிருந்து வண்டியைக் கிளப்பிப் புதுத் துறைமுகத்துக்குப் போனால், கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்ப இரண்டு மூன்று நிமிடம். துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர். 1906இல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். அதுவும் பெரிய தொலைநோக்குத்தான், ஆனால் அதைக் கம்பெனி லாபநட்டத் தராசில் வைத்து எடை போட எனக்கு மனம் வராது. அது வேறு கணக்கு.

மெக்லீனுக்குத் திரும்புவோம். பார்வை தெளிவாக இருந்தால் சின்ன முடிவுகள் தாமாக விழுந்துகொண்டே போகும் என்பதற்கு அடுத்த சில வருடங்கள் நல்ல சாட்சி.

முதலில் ஒரு பீர் கணக்கு. நியூவர்க்கிலிருந்து மயாமிக்குப் பேலன்டைன் பீர் அனுப்புவதாக வைத்து, வழக்கமான முறையில் எவ்வளவு, பெட்டியில் எவ்வளவு என்று அவர் ஆட்கள் போட்டுப் பார்த்தார்கள். துறைமுகச் செலவு டன்னுக்கு 4 டாலர் என்று இருந்தது 25 சென்ட்டாக இறங்கியது. பெட்டிக்கான செலவையும் சேர்த்துப் பார்த்தாலும் 94 சதவீதம் மலிவு. கனவு, லட்சியம் என்ற பேச்சே இல்லை. ஒரு பாட்டில் பீரை வைத்துத் தன் பார்வையைச் சோதித்துவிட்டார்.

அடுத்தது லாரிக் கம்பெனி. அமெரிக்கச் சட்டப்படி லாரிக் கம்பெனி வைத்திருப்பவர் அரசு ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் கப்பல் கம்பெனி நடத்த முடியாது. ரயில் கம்பெனிகள் எதிர்த்து மனுப் போட்டன. வழக்கு இழுத்தது. மெக்லீன் 20 வருடமாகத் தானே கட்டிய லாரிக் கம்பெனியை விட்டுவிட்டு வந்தார். 1955இல் பான்-அட்லாண்டிக் என்ற சின்னக் கப்பல் கம்பெனியை வாங்கினார், பிறகு வாட்டர்மேன் என்ற அதன் பெரிய தாய்க் கம்பெனியையும் வங்கிக் கடனில் வாங்கினார். கையில் இருக்கும் உறுதியான ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி ஒரு தொலைநோக்கு கேட்கவே இல்லை என்றால், அது சுவரில் தொங்கத்தான் லாயக்கு என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் பெட்டி. கீத் டான்ட்லிங்கர் என்ற இன்ஜினீயர் வடிவமைத்த மாதிரிப் பெட்டிகள் பால்டிமோர் கப்பல் பட்டறைக்கு வந்தன. கூரை நல்ல பலமானது என்று சொல்லியிருந்தார். அவர் போய்ப் பார்க்கும்போது மெக்லீனும் கம்பெனிப் பெரியவர்களும் பெட்டியின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்களாம். கூரை தாங்கியது. 200 பெட்டிக்கு ஆர்டர் போட்டதோடு, டான்ட்லிங்கரையும் வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். பெட்டி 33 அடி நீளம். ஏன் 33? அந்தப் பழைய டேங்கரின் மேல்தளத்தில் கிடைத்த இடத்தை வகுத்தால் 33 சரியாக வந்தது, அவ்வளவுதான். சாத்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் பெட்டியைத் தூக்கும் கிரேன், பெட்டியை உட்கார வைக்கும் டிரெய்லர், பெட்டியின் மூலையில் பூட்டும் கொக்கி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. பெட்டியைச் செய்தவர்கள் முன்பும் உண்டு. கிடங்கு முதல் கிடங்கு வரை முழு ஏற்பாட்டையும் ஒன்றாகச் செய்தவர் அவர்தான். 1957இல் வந்த கேட்வே சிட்டி கப்பல், உடம்பு முழுக்கப் பெட்டிக்காகவே மாற்றியமைத்தது. 226 பெட்டி ஏறியது.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. 1958இல் போர்ட்டோ ரீக்கோவின் சான் வான் துறைமுகத்தில் தொழிலாளர்கள் பெட்டிக் கப்பலைத் தொட மறுத்தார்கள், மாதக்கணக்கில் கப்பல் சும்மா நின்றது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொக்கியும் தோளும்தான் அவர்கள் சோறு. மெக்லீனின் பார்வையில் “சரக்கைத் தொடுகிற ஒவ்வொரு கையும் செலவு” என்று நான் மேலே எழுதினேன் அல்லவா, அந்தக் கைகள் இவர்களுடையவை. 1960இல் அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் ஓர் ஒப்பந்தம் போட்டது: இயந்திரம் வரட்டும், ஆனால் அதனால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும் என்று, வருடத்துக்கு 50 லட்சம் டாலர். என்னைக் கேட்டால் அந்தக் காலத்துத் துறைமுகங்களில் தொலைநோக்கு உள்ள இன்னொரு தலைவர் பிரிட்ஜஸ். நிர்வாகப் படிப்புப் புத்தகங்கள் சங்கத் தலைவர்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

1960களில் வந்த முடிவு ஒன்று இன்னும் முக்கியம். அதற்குள் மெக்லீனின் கம்பெனி சீ-லேண்ட் என்று பெயர் மாறியிருந்தது. ஆளுக்கொரு அளவில் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். சீ-லேண்டுக்கு 35 அடி, ஹவாய்க்குப் போகும் மேட்சன் கம்பெனிக்கு 24 அடி. ஒருவர் பெட்டியை மற்றவர் கிரேன் தூக்காது. பொது அளவு வேண்டும் என்று, உலகத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐ.எஸ்.ஓ.வில் கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். மூலைப் பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதிலேயே சிக்கிக்கொண்டது. நல்ல பூட்டுக்கான காப்புரிமை சீ-லேண்டிடம் இருந்தது. மெக்லீன் அதைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இன்று தூத்துக்குடியில் நான் பார்க்கும் ஒவ்வொரு பெட்டியின் எட்டு மூலையிலும் இருக்கும் ஓட்டைகள் அந்த வழியில் வந்தவை.

இதைத் தியாகம் என்று கொண்டாட வேண்டாம். தன் 35 அடிப் பெட்டியை அவர் சட்டென்று விடவில்லை. 20, 40 என்று உலகம் போனபிறகும் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார், அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய் வாதாடினார்கள். ஆனால் பூட்டு விஷயத்தில் கணக்கு சரியாக இருந்தது. சரக்கு நகர்த்துவது தொழில் என்றால், எல்லார் பெட்டியும் எல்லார் லாரியிலும் ஏறும்போதுதான் அந்தத் தொழில் பெருகும். பூட்டு விற்பது தன் தொழில் என்று நினைத்திருந்தால் காப்புரிமையைக் கெட்டியாகப் பிடித்திருப்பார்.

வியட்நாம் போரும் அவருக்குக் கைகொடுத்தது. அங்கே துறைமுகங்களில் அமெரிக்க ராணுவச் சரக்கு மலையாகக் குவிந்து கிடந்தது. 1967இல் சீ-லேண்டுக்கு ஒப்பந்தம் கிடைத்தது, கேம் ரான் விரிகுடாவில் பெட்டிகள் இறங்கின. போகவர இரண்டுக்கும் ராணுவமே பணம் கட்டியது. திரும்பும்போது காலிப்பெட்டி எதற்கு, ஜப்பான் வழியாக வந்தால் டிவியும் ரேடியோவும் ஏற்றலாமே என்று கண்டுகொண்டார். 1968இல் யோகோஹாமாவிலிருந்து ஓட்டம் தொடங்கியது. போர் நடக்கும் இடத்தில் தொழில் வாய்ப்பைப் பார்க்கும் கண் பாராட்டத்தக்கதா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தெளிவான கண் என்பது மட்டும் உண்மை.

கதையை இங்கே நிறுத்தினால் அது பயிற்சி வகுப்புக் கதை. அந்த வகுப்புகளில் வழக்கமாக இங்கேதான் நிறுத்துவார்கள்.

1969இல் சிகரெட் கம்பெனியான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சீ-லேண்டைச் சுமார் 53 கோடி டாலருக்கு வாங்கியது. மெக்லீன் பங்கு 16 கோடி. அந்தச் சமயத்தில் எஸ்.எல்.-7 என்ற எட்டுக் கப்பல்களுக்கு ஆர்டர் போனது. 33 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர். சரக்குக் கப்பல்களில் அதுவரை யாரும் பார்க்காத ஓட்டம். எண்ணெய் மலிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியவை. கப்பல்கள் வந்து சேர்ந்த கையோடு 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, விலை நான்கு மடங்கானது. எஸ்.எல்.-7 எண்ணெயைக் குடித்துக்கொண்டே ஓடியது. கடைசியில் எட்டையும் அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது. அவசரத்துக்கு ராணுவத் தளவாடம் கொண்டுபோகிறவர்களுக்கு எண்ணெய்ச் செலவு ஒரு பொருட்டில்லை.

மெக்லீன் வெளியே வந்து, 1978இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற கம்பெனியை வாங்கினார். இந்தத் தடவை நேர் எதிர்த் திசை. எண்ணெய் விலை பீப்பாய்க்கு 50 டாலர் வரை ஏறும் என்று கணக்கு. கொரியாவின் டேவூ பட்டறையில் 12 கப்பல்கள், ஒவ்வொன்றும் 20 அடிப் பெட்டி 4,400க்கு மேல் ஏற்றும். அன்றைக்கு உலகிலேயே பெரியவை. மெதுவாகப் போகும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். கிழக்குப் பார்த்துக் கிளம்பி உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். செலவு 57 கோடி டாலர். 1984இலிருந்து கப்பல்கள் வர வர எண்ணெய் விலை இறங்கிக்கொண்டே போனது, 1986இல் பீப்பாய் 15 டாலருக்குக் கீழே. போட்டியாளர்கள் வேகமான கப்பலை மலிவாக ஓட்டினார்கள். ஒரே திசையில் சுற்றும் கப்பலில் ஒரு துறைமுகத்தில் தாமதமானால் அடுத்த எல்லாத் துறைமுகத்திலும் தாமதம். 1986 நவம்பரில் கம்பெனி திவால். அதுவரை அமெரிக்கா பார்த்த பெரிய திவால்களில் ஒன்று.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. பெட்டியும் இந்த இரண்டு வகைக் கப்பல்களும் ஒரே மாதிரி துணிச்சலில் பிறந்தவை என்று எழுதுகிறார்கள். “தொலைநோக்காளர்கள் சில சமயம் தோற்பார்கள்” என்று சமாதானமும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் வேறு வேறு காரியம். பெட்டியின் கணக்கு எண்ணெய் 3 டாலர் விற்றாலும் சரி, 30 டாலர் விற்றாலும் சரி, நிற்கும். ஏனென்றால் அது கண் முன்னால் நடந்துகொண்டிருந்த வீணடிப்பைப் பற்றியது. எஸ்.எல்.-7க்கு எண்ணெய் மலிவாக இருந்தாக வேண்டும். உலகம் சுற்றிய கப்பல்களுக்கு எண்ணெய் விலை ஏறியாக வேண்டும். அவை இரண்டும் விலையைப் பற்றிய ஜோசியம். ஜோசியம் பலிக்கலாம், பலிக்காமல் போகலாம். பலித்திருந்தால் நாம் அதையும் தொலைநோக்கு என்று புகழ்ந்திருப்போம் என்பதுதான் சங்கடம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானதும்கூட. இன்றைய பெட்டிக் கப்பல்கள் பிரம்மாண்டமானவை, 2008க்குப் பிறகு வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஓட்டவும் தொடங்கினார்கள். பெரிதாகவும் மெதுவாகவும் என்பதை மெக்லீன் முன்கூட்டியே கண்டார், காலம்தான் பிந்தியது என்பார்கள். இன்னொன்றும் நடந்தது. சும்மா கிடந்த அந்த 12 கப்பல்களையும் 1988இல் அடிமாட்டு விலைக்கு வாங்கி ஓட்டியது வேறு யாருமில்லை, அவர் தொடங்கிய சீ-லேண்டேதான். ஆகக் கப்பல்கள் மோசம் இல்லை. வாங்கிய விலையும் அந்த விலையை நியாயப்படுத்திய எண்ணெய்க் கணிப்பும்தான் மோசம். சம்பளம் கிடைக்காத ஊழியர்களிடம் போய், 25 வருடம் கழித்து நாம் சொன்னது சரியாக இருக்கும் என்று ஒரு முதலாளி சொல்ல முடியுமா?

எங்கள் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வரவேற்பறைச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரைக் கேட்டால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் சொல்வது ஒன்று உண்டு: “தம்பி, பெட்டி கட்-ஆஃபுக்கு முன்னாடி உள்ள போயிருக்கணும். பார்ட்டி ராத்திரி நிம்மதியா தூங்கணும். அதுக்குத்தான் நமக்குக் காசு.” இந்த ஒரு பேச்சிலிருந்து எத்தனை முடிவுகள் வந்திருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். டாக்குமென்ட் பார்க்க இரவில் ஓர் ஆள் உட்கார்வது அதனால்தான். சொந்தமாக டிரெய்லர் வாங்கலாம் என்று பலர் சொல்லியும், வண்டி வாங்கினால் வண்டிக்கு வேலை தேட ஆரம்பித்துவிடுவோம் என்று மறுத்தது அதனால்தான். இறக்குமதி வேலை நல்ல காசு என்று தெரிந்தும் கை வைக்காததும் அதனால்தான். அவர் ஊரில் இல்லாத நாளில், பெட்டி வழியில் மாட்டிக்கொண்டால் யாரையும் கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்று எங்களில் கடைசி ஆளுக்கும் தெரியும்.

அண்ணாச்சிக்கும் ஜோசியம் உண்டு. டாலர் எப்போது ஏறும், கொழும்பில் எப்போது நெரிசல் குறையும் என்று டீ குடிக்கும்போது நிறையச் சொல்வார். பாதி தப்பாகப் போகும். அதை நம்பி அவரே ஒரு ரூபாயும் போட மாட்டார்.

திவாலுக்குப் பிறகு மெக்லீன் சில வருடம் ஆள் கண்ணில் படவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே ஒதுங்கினார். ஆனால் 77 வயதுக்கு மேல் மறுபடியும் ஒரு கம்பெனி தொடங்கினார், பெயர் டிரெய்லர் பிரிட்ஜ். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து போர்ட்டோ ரீக்கோவின் சான் வானுக்கு, லாரி டிரெய்லர்களைப் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில் ஏற்றி இழுவைக் கப்பலால் இழுத்துக்கொண்டு போவது. 1953இல் சக்கரத்தோடு ஏற்றலாம் என்று நினைத்து, வீண் என்று கைவிட்டாரே, கிட்டத்தட்ட அதே யோசனை. பார்ஜில் இடம் மலிவு, தூரம் குறைவு, இந்த வழித்தடத்தில் சக்கரத்தோடு போனாலும் கணக்கு இடிக்கவில்லை போலும். 2001 மே மாதம் அவர் இறந்தார். கம்பெனி நடுவில் ஒருமுறை திவால் நீதிமன்றம் போய்த் திரும்பி வந்து, இன்றும் அதே தடத்தில் ஓடுகிறது.